செடி எந்த இடத்தில் வளர்கிறது?

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மாமரத்தில், தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. பத்து ஆண்டுகளில் மரம் ஆறு மீட்டராக வளர்ந்துவிட்டது. இப்போது ஆணி எந்த உயரத்தில் இருக்கும்?

மரம் இரண்டு மடங்கு ஆகிவிட்டதால் ஆணியும் இரண்டு மீட்டருக்குப் போயிருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது போகாது. அதே ஒரு மீட்டரில்தான் இருக்கும். தண்டு பருத்து ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியிருக்கலாம். ஆனால் ஒரு விரற்கடை கூட மேலே ஏறியிருக்காது.

நாம் வளரும்போது கை, கால், விரல், மூக்கு எல்லாம் சேர்ந்தே பெரிதாகின்றன. தாவரத்தின் கதை வேறு. அதன் உடம்பில் சில குறிப்பிட்ட இடங்களில்தான் புதிய செல்கள் உண்டாகின்றன. மற்ற பகுதிகள் ஒருமுறை நீண்டு முடிந்ததும் அந்த நீளத்திலேயே நின்றுவிடும். புதிய செல்கள் உண்டாகும் இடத்தைப் பாடப்புத்தகம் ஆக்குத்திசு என்று சொல்லும். இங்கே நாம் அதை வளரிடம் என்று எளிமையாக அழைப்போம். எந்தத் தாவரத்தைப் பார்த்தாலும் "இதன் வளரிடம் எங்கே?" என்று கேளுங்கள். புல் ஏன் புல்லாக இருக்கிறது, தென்னை ஏன் கிளை விடுவதில்லை, கொடி எப்படிக் கொம்பைச் சுற்றுகிறது என்பதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே புரியத் தொடங்கும்.

விதையைத் திறந்து பார்ப்போம்

பீன்ஸ் அல்லது மொச்சை விதை நான்கைந்து எடுத்து, 8 முதல் 10 மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊறியதும் மேல்தோல் எளிதாக உரிந்து வரும். உள்ளே இரண்டு தடித்த பாதிகள் இருக்கும். அவற்றை மெதுவாகப் பிரியுங்கள். ஒரு ஓரத்தில், இரண்டுக்கும் நடுவே, சின்னஞ்சிறு செடி ஒன்று மடங்கிப் படுத்திருக்கும். ஒரு முனை கூராக இருக்கிறதே, அது முளைவேர். மறுமுனையில் மடித்து வைத்தது போல் இரண்டு குட்டி இலைகள் தெரியும். அது முளைக்குருத்து. அந்தத் தடித்த பாதிகள்தான் வித்திலைகள். செடி தன் உணவைத் தானே தயாரிக்கக் கற்கும்வரை சாப்பிட வேண்டிய கட்டுச்சோறு அவற்றில் இருக்கிறது.

மக்காச்சோள விதையை ஊறவைத்துப் பார்த்தால் அது இப்படி இரண்டாகப் பிரியாது. அதில் வித்திலை ஒன்றுதான். இதை வைத்துப் பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். மா, பீன்ஸ், தக்காளி, துளசி, செம்பருத்தி எல்லாம் இருவித்திலைத் தாவரங்கள். நெல், மக்காச்சோளம், புல், மூங்கில், வாழை, தென்னை எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள். விதை கையில் இல்லாவிட்டாலும் இலையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். இருவித்திலை இலையில் நரம்புகள் வலை போலப் பின்னியிருக்கும். ஒருவித்திலை இலையில் அவை ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். வேரிலும் வேறுபாடு உண்டு. முதலாவதில் பெரும்பாலும் நடுவே ஒரு தடித்த ஆணிவேர் இருக்கும். இரண்டாவதில் தாடி மயிர் போலச் சல்லிவேர்கள் கொத்தாக இருக்கும்.

விதை முளைக்க மண் தேவையில்லை. பெரும்பாலான விதைகளுக்கு வெளிச்சமும் தேவையில்லை. ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் போதும். பீன்ஸ் போன்றவற்றுக்கு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வசதியாக இருக்கும்.

ஒரு கண்ணாடிக் குடுவையில் முளைக்க வைத்தால் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரை உறிஞ்சும் காகிதத் துண்டை மடித்துக் குடுவையின் உட்சுவரை ஒட்டிச் சுற்றி வையுங்கள். அது சரியாமல் இருக்க நடுவில் பஞ்சோ கசக்கிய காகிதமோ அடையுங்கள். ஊறிய விதைகளைக் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, குடுவையின் பாதி உயரத்தில், ஒன்றுக்கொன்று 3 சென்டிமீட்டர் தள்ளிச் செருகுங்கள். ஒன்றை நேராக, ஒன்றைத் தலைகீழாக, ஒன்றைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். காகிதம் அதை உறிஞ்சி விதைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இரண்டு மூன்று நாளில் முதலில் வெளியே வருவது வேர்தான். இலை முதலில் வந்தால் தண்ணீர் இல்லாமல் வாடிவிடும். அதனால் வேர் முதலில் இடம் பிடித்துக்கொள்கிறது. விதையை எப்படி வைத்திருந்தாலும் வேர் வளைந்து கீழ்நோக்கித்தான் போகும். வேர் நுனியில் உள்ள சில செல்களுக்குள் கனமான மாவுத்துகள்கள் இருக்கின்றன. அவை எந்தப் பக்கம் போய்ப் படிகின்றனவோ அந்தப் பக்கம் கீழ் என்று வேர் தெரிந்துகொள்கிறது. வேர் கொஞ்சம் நீண்டபின் குடுவையைப் படுக்க வையுங்கள். மறுநாளே நுனி மட்டும் மீண்டும் கீழே திரும்பியிருக்கும். பழைய பகுதி திரும்பாது, ஏனென்றால் அது வளர்ந்து முடிந்துவிட்டது.

ஒரு வாரம் பத்து நாளில் தண்டு கொக்கி போல வளைந்து எழும். இலைகளை முன்னே தள்ளிக்கொண்டு வந்தால் மண்ணில் உரசிக் கிழிந்துபோகும். அதனால் தண்டின் வளைவு முன்னே வழி திறக்க, இலைகள் பின்னால் பத்திரமாக வருகின்றன. பீன்ஸ் தன் வித்திலைகளை மேலே தூக்கிக்கொண்டு வரும். பட்டாணியின் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

முளைக்கவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். தண்ணீர் குறைந்து போவதைவிட மிகுந்து போவதே அதிகம். விதையும் மூச்சு விடுகிறது. அது தண்ணீரில் மூழ்கியே கிடந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகி நாற்றம் வரும். உடைத்த பருப்பில் குட்டிச்செடி சேதமாகியிருக்கும். வறுத்ததிலும் வேகவைத்ததிலும் அது செத்திருக்கும். இவை எதுவும் முளைக்காது. விதைமேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் அந்த விதையை எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள்.

வேரில் கோடு போடுங்கள்

வளரிடம் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வேர் 2 சென்டிமீட்டர் நீண்டதும் விதையை மெதுவாக வெளியே எடுத்து, தண்ணீரில் கரையாத மையுள்ள மெல்லிய பேனாவால், நுனியிலிருந்து மேல்நோக்கி 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கோடு போடுங்கள். அழுத்தக் கூடாது, வேர் நுனி மிக மென்மையானது. திரும்ப ஈரக் காகிதத்தில் வைத்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே உள்ள கோடுகள் போட்டபடியே இருக்கும். நுனியை ஒட்டிய கோடுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயிருக்கும். ஆணிக் கணக்கின் விடை இதுதான், இந்தமுறை வேரில் எழுதியிருக்கிறது.

தண்டிலும் இப்படியே. அதன் உச்சியில் ஒரு வளரிடம் இருக்கிறது. அது புதுச் செல்களையும் இலைகளையும் உண்டாக்கிக்கொண்டே மேலே போகிறது. அடியில் விட்டுவந்த பகுதி கொஞ்சம் நீண்டு, பிறகு நின்றுவிடுகிறது.

தொட்டியைச் சன்னலோரம் வைத்தால் செடி வெளிச்சத்துப் பக்கம் சாய்வதையும் இது விளக்கும். நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டாகிறது. அது நிழல் பக்கத்தில் அதிகம் சேர்கிறது. அங்குள்ள செல்கள் அதிகம் நீள்கின்றன. ஒரு பக்கம் நீளமும் மறுபக்கம் குட்டையுமானால் தண்டு வளையத்தானே வேண்டும்? சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் புல் நாற்றுகளின் நுனிக்கு மட்டும் தொப்பி போட்டு மூடி இதைச் சோதித்தார்கள். நுனி மூடப்பட்ட நாற்று வெளிச்சத்துப் பக்கம் வளையவில்லை. வளைவது கீழ்ப்பகுதிதான், ஆனால் வெளிச்சத்தை உணர்வது நுனி என்று 1880-இல் அவர்கள் எழுதினார்கள்.

இவ்வளவு பெரிய உடம்பு எதனால் ஆனது?

மண்ணைச் சாப்பிட்டுத்தான் மரம் பெரிதாகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். வான் ஹெல்மாண்ட் என்பவர் அதைச் சோதிக்க, சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுக்குப் பிறகு மரம் சுமார் 77 கிலோ இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி எடை போட்டபோது குறைந்திருந்தது 60 கிராம்கூட இல்லை! அவர் இறந்தபின் 1648-இல் இது அச்சில் வந்தது.

மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அது பாதி சரி. மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. வேர் தண்ணீரை அனுப்புகிறது. இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பிடித்து இரண்டையும் சர்க்கரையாக மாற்றுகிறது, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. கட்டை, பட்டை, இலை, பழம் எல்லாம் அந்தச் சர்க்கரையிலிருந்து கட்டப்பட்டவை. மண்ணிலிருந்து செடி எடுப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற சத்துகளை. அளவில் அவை கொஞ்சம்தான், ஆனால் அவை இல்லாமல் எதுவும் நடக்காது.

மரம் பருப்பதும் தென்னை பருக்காததும்

உயரத்தை வைத்துச் செடி, புதர், மரம் என்று பிரிப்பது வழக்கம். துளசியும் தக்காளியும் போல மெல்லிய தண்டோடு தாழ்வாக இருப்பது செடி. செம்பருத்தி, மல்லிகை போல அடியிலிருந்தே பல கட்டைத்தண்டுகள் கிளம்பினால் புதர். ஒற்றைத் தண்டு உறுதியாக எழுந்து மேலே கிளை பரப்பினால் மரம். இந்த எல்லைகள் கறாரானவை அல்ல. ஒரே செம்பருத்தியைக் கவாத்து செய்து மரம் போலவும் வளர்க்கலாம். அதைவிட ஆழமான வேறுபாடு தண்டின் உள்ளே இருக்கிறது.

மாமரத்துக்கு நுனியில் மட்டுமல்ல, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலும் ஒரு வளரிடம் உண்டு. கேம்பியம் என்று பெயர். அது ஓர் உறை போலத் தண்டு முழுவதையும் சுற்றியிருக்கிறது. உட்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே போகிறது. அதனால்தான் மரம் ஆண்டுதோறும் பருக்கிறது. குளிரோ வறட்சியோ வந்து ஒரு பருவத்தில் வளர்ச்சி குறையும் இடங்களில், ஒவ்வோர் ஆண்டின் கட்டையும் தனி வளையமாகத் தெரியும். அதை எண்ணி வயதைச் சொல்லலாம். வேர் அனுப்பும் தண்ணீர் கட்டை வழியே மேலே ஏறுகிறது. இலை செய்த சர்க்கரை பட்டையின் உட்பக்கம் வழியே கீழே இறங்குகிறது. ஆகவே தண்டைச் சுற்றி முழு வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் வேருக்குச் சாப்பாடு போகாது. மரம் உடனே சாகாது, இலைகள் கொஞ்ச காலம் பச்சையாகவே இருக்கும், பிறகு வேர் பட்டினியால் சாகும். மரத்தில் பெயர் செதுக்கும்போது கிழிபடுவதும் இந்த மெல்லிய அடுக்குதான். தயவுசெய்து செதுக்காதீர்கள்.

தென்னைக்கும் பனைக்கும் இந்தக் கேம்பியம் இல்லை. தென்னங்கன்று முதல் சில ஆண்டுகள் உயராமல் தரையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அது சும்மா இருப்பதில்லை, தன் அகலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. முழு அகலம் வந்தபின்தான் தண்டு உயரத் தொடங்கும். பிறகு மாமரத்தைப் போல ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருப்பதில்லை. உச்சியில் உள்ள குருத்துதான் அந்தத் தண்டின் ஒரே வளரிடம். மாமரத்தில் ஒரு கிளை போனால் நூறு கிளை இருக்கிறது. தென்னையில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து வளரிடம்வரை போய்விட்டால் மரமே போய்விடும்.

தமிழில் இந்த வேறுபாட்டை மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். வைரம் பாய்ந்த உறுதியான பகுதி உள்ளே இருந்தால் மரம், வெளிப்புறத்தில் இருந்தால் புல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்! அவை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று இன்றைய தாவரவியலும் ஒரே பக்கத்தில்தான் வைக்கிறது.

மேய்ந்தாலும் வளரும் புல்

உச்சியில் வளரிடம் இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஆடு ஒரு கடி கடித்தால் போச்சு. புல் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இலையின் வளரிடம் நுனியில் இல்லாமல் அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. மேலே வெட்ட வெட்ட, அடியிலிருந்து இலை தள்ளிக்கொண்டே வரும். இங்கே ஆணிக் கணக்கின் விடை மாறிவிடுகிறது. நெல் அல்லது கோதுமை நாற்றில் நடுவில் இருக்கும் இளம் இலையைத் தேர்ந்தெடுங்கள். அது உறையிலிருந்து வெளியே வரும் இடத்தில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று நான்கு நாளில் புள்ளி மேலே ஏறியிருக்கும்.

புல்லின் தண்டிலும் ஒவ்வொரு கணுவுக்கு மேலே ஒரு வளரிடம் உண்டு. காற்றில் சாய்ந்த இளம் பயிர் கணுவில் வளைந்து மீண்டும் நிமிர்வது அதனால்தான். மூங்கில் அவ்வளவு விரைவாக வளர்வதற்கும் அதுவே காரணம். மரங்கள் உச்சியில் மட்டும் நீளும்போது, மூங்கிலின் கணுவிடைகள் பல ஒரே நேரத்தில் நீள்கின்றன. சில மூங்கில் வகைகள் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர்வரை வளர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. மண்ணைவிட்டு வெளியே வரும்போது மூங்கில் குருத்து எவ்வளவு பருமனோ, கடைசிவரை ஏறத்தாழ அதே பருமன்தான்.

வாழை புல் இல்லை, ஆனால் அதுவும் ஒருவித்திலைக் கூட்டம்தான். தண்டு என்று நாம் நினைப்பது உண்மையில் ஒன்றை ஒன்று சுற்றிய, உறை போன்ற இலையடிகள். குலை தள்ளாத வாழையைக் குறுக்கே வெட்டினால், சில மணி நேரத்திலேயே நடுவிலுள்ள குருத்து வெட்டுக்கு மேலே எட்டிப்பார்க்கும். வளரிடம் மண்ணையொட்டிய கிழங்கில் பத்திரமாக இருக்கிறது.

ஏறும் கொடிகள்

கொடி கட்டை செய்யச் செலவழிப்பதில்லை. அடுத்தவர் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்கு ஏறிவிடுகிறது. ஏறும் வழி கொடிக்குக் கொடி வேறு.

பீன்ஸ் கொடி தன் உடம்பையே சுற்றும். அதன் நுனி காற்றில் மெதுவாக வட்டமடித்துக் கொம்பைத் தேடுகிறது. ஒரு வட்டம் முடிக்கச் சுமார் இரண்டு மணி நேரம். நுனிக்கு நேர் மேலே ஒரு அடையாளம் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நுனி எங்கே இருக்கிறது என்று குறித்தால் அந்த வட்டத்தை நீங்களே வரைந்துவிடலாம். பாகலும் பூசணியும் பற்றுக்கம்பியை நீட்டும். கம்பி எதையாவது தொட்டதும், தொட்ட பக்கம் வளர்ச்சி குறைந்து எதிர்ப்பக்கம் கூடும், உடனே சுருளும். பிடித்த பிறகு நடுப்பகுதியும் ஸ்பிரிங் போலச் சுருண்டு, காற்றடித்தால் கொடி அறுந்துவிடாமல் காக்கும். அந்தச் சுருளைக் கவனித்துப் பாருங்கள், பாதி ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் சுற்றியிருக்கும். செங்காந்தளுக்கு இலையின் நுனியே பற்றுக்கம்பி. மிளகு வேர்களால் ஒட்டிக்கொள்ளும். காகிதப்பூ முள்ளை மாட்டி ஏறும்.

இதில் செய்யும் தவறு ஒன்று உண்டு. பாகல் கொடிக்குத் தடித்த கம்பம் நட்டுவிட்டு, ஏன் ஏறவில்லை என்று கவலைப்படுவார்கள். அந்தப் பற்றுக்கம்பியால் கம்பத்தைச் சுற்ற முடியாது. அதற்குக் கயிறோ, பென்சிலைவிட மெல்லிய குச்சியோ வேண்டும். பீன்ஸுக்கு விரல் பருமனில், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் கொம்பு போதும். கொடி 15 சென்டிமீட்டர் ஆவதற்குள் கொம்பை ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

மண்ணுக்குள் ஒளிந்திருப்பவை

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் இல்லை. உருளைக்கிழங்கு ஒரு தண்டு. அதன் "கண்கள்" ஒவ்வொன்றும் ஒரு மொட்டு, முளைத்துச் செடியாகும். இஞ்சியும் தண்டுதான், அதில் கணுக்கள் தெரியும். கேரட் வேர். வெங்காயம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொதிந்த இலைகள். நெடுக்காக வெட்டிப் பாருங்கள், அடியில் தட்டையாக ஒரு குட்டித் தண்டும் அதன் நடுவே வளரிடமும் இருக்கும்.

விதை இல்லாமலும் செடி பிறக்கும் என்பதற்கு ரணகள்ளி நல்ல சாட்சி. "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. ஓர் இலையைப் பறித்து ஈரமண்ணின்மேல் வைத்தால், ஓரத்திலுள்ள பள்ளங்களிலிருந்து குட்டிச்செடிகள் வேரோடு கிளம்பும்.

பூக்காத தாவரங்கள்

பூமியில் தெரிந்த தாவரங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவை பூப்பவை. பூக்காதவற்றில் மூன்று கூட்டத்தைத் தெரிந்துகொண்டால் போதும். ஈரச்சுவரில் பச்சைக் கம்பளம் போலப் படரும் மாஸ் செடிகளுக்கு உண்மையான வேரும் இல்லை, தண்ணீர் ஏற்றும் குழாய்களும் இல்லை. அதனால் பெரும்பாலும் சில சென்டிமீட்டருக்கு மேல் உயர முடிவதில்லை. பெரணிக்குக் குழாய் உண்டு, விதை இல்லை. இளம் இலை ஆட்டுக்கிடாவின் கொம்பு போலச் சுருண்டிருந்து மெல்ல விரியும். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் நோய் என்று பயப்படாதீர்கள், அவை ஸ்போர்கள் இருக்கும் பைகள். விதைக்குப் பதிலாகப் பெரணி இனம் பெருக்குவது தூசு போன்ற இந்த ஸ்போர்களால்தான். பைன் போன்ற ஊசியிலை மரங்களுக்கு விதை உண்டு, ஆனால் அதை மூடப் பழம் இல்லை. கூம்பின் செதில்களில் திறந்தபடி இருக்கும். உலகின் மிக உயரமான மரம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. கலிபோர்னியாவில் உள்ள ஒரு ரெட்வுட் மரம், 115 மீட்டருக்கும் மேல்.

கடினமான இடங்களில் வளர்பவை செய்யும் வேலைகள் வியப்பானவை. சப்பாத்திக்கள்ளியில் பச்சையாகத் தட்டையாக இருப்பது தண்டு, முள்தான் இலை. பகல் வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, அது இரவில்தான் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேர்த்துவைக்கும். சேற்றில் காற்று கிடைக்காத அலையாத்தி மரங்கள் பல, மூச்சுவிடும் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகின்றன. அம்மையார் கூந்தல் என்ற மஞ்சள் கொடிக்கு இலை இல்லை. இன்னொரு செடியைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியதும் அதன் சொந்த வேரும் செத்துவிடுகிறது. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிடுகளை இதோடு குழப்பக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை மரத்தில் இருக்க இடம் மட்டும் கேட்கின்றன, சாற்றைத் திருடுவதில்லை.

நீங்களே ஒன்றை வளர்க்கும்போது

அடியில் துளையுள்ள, 20 சென்டிமீட்டராவது ஆழமுள்ள தொட்டி எடுங்கள். துளை இல்லாத டப்பாவில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு மணல் கலந்து, விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் கீழேவரை நிரப்புங்கள். விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றுவது பொதுவான கணக்கு. பீன்ஸுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர். கீரை விதை போன்ற பொடி விதைகளை மேலே தூவி, மெல்லியதாக மண் தூவினால் போதும். ஆழத்தில் போட்டால் வெளியே வருவதற்குள் கட்டுச்சோறு தீர்ந்துவிடும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை 2 சென்டிமீட்டர் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் நீர் வரும்வரை ஊற்றுங்கள்.

நாற்று வெளிறி, ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்தால் நன்றாக வளர்கிறது என்று மகிழ வேண்டாம். வெளிச்சம் தேடி உள்ள உணவையெல்லாம் நீள்வதில் செலவழிக்கிறது. காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மண்ணை ஒட்டித் தண்டு நூலாக மெலிந்து நாற்று சரிந்தால் அது பூஞ்சை. நெருக்கமாக விதைத்து, எப்போதும் சொதசொதவென்று வைத்திருந்தால் வரும். சரிந்த நாற்று பிழைக்காது. மிச்சமிருப்பவற்றை இடைவெளி விட்டுக் கலைத்து, மேல்மண் காய விடுங்கள். அடி இலைகள் மஞ்சளானால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். ஈரம் சரியாக இருந்தால் நைட்ரஜன் பற்றாக்குறையாக இருக்கலாம். பழைய இலையிலிருந்து அதை எடுத்துச் செடி புது இலைக்குக் கொடுக்கிறது.

துளசி 15 சென்டிமீட்டர் உயர்ந்ததும் உச்சியைக் கிள்ளிவிடுங்கள், ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே. உச்சி வளரிடம் இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கிவைக்கிறது. அது போனதும் அந்த இரண்டு இலைகளின் கக்கத்திலிருந்து இரண்டு கிளைகள் கிளம்பும். அவற்றையும் கிள்ளினால் நான்கு. இதையே தென்னைக்குச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

பூப்பதற்கும் வளரிடத்துக்கும் உள்ள உறவையும் இங்கே பார்த்துவிடலாம். சூரியகாந்தியில் உச்சி வளரிடமே பூவாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு தண்டில் புதிய இலை உண்டாகாது, இருக்கும் தண்டு நீண்டு முடிந்ததும் உயரமும் நின்றுவிடும். வாழையும் அப்படியே. கிழங்கிலிருந்த வளரிடம் தண்டின் நடுவே மேலே ஏறிப் பூவாகிறது, குலை முற்றியதும் அந்த வாழை சாகிறது. பக்கத்தில் கிளம்பிய கன்று தொடர்ந்து வளரும். தாளிப்பனை பல பத்தாண்டுகள் காத்திருந்து உச்சியில் ஒரே ஒருமுறை மாபெரும் பூங்கொத்தை விரிக்கும். காய் முதிர்ந்ததும் மரம் காய்ந்துவிடும். தென்னையும் பனை இனம்தான். ஆனால் அதன் பாளை உச்சியில் வருவதில்லை, மட்டையின் கக்கத்தில் வருகிறது. குருத்து அப்படியே இருக்கிறது. அதனால்தான் பாளை மேல் பாளையாகத் தள்ளிக்கொண்டு பல பத்தாண்டுகள் அது காய்த்துக்கொண்டே நிற்கிறது.